மடமும் ஊரும்

உலகத்தைத் துறந்தவர்களுக்கு ஊர் எதற்கு என்னும் கேள்வி மிகப் பழமையானது. வனாந்தரத்திலும் மலைக்குகையிலும் தவம் இயற்றியவர்களிடம் அதை யாரும் கேட்பதில்லை. ஆனால் கதவை அடைத்துக்கொண்டு ஜெபிப்பதற்காகவே ஒரு கூட்டம் சந்தைக்கும் குடியிருப்புக்கும் நடுவே வீடு தேடி வரும்போது, உழைத்து வரி செலுத்தி வாழும் குடிகள், இவர்களுக்குச் சோறு போடுவது யார் என்று கேட்பதில் அநியாயம் ஒன்றும் இல்லை. கத்தோலிக்க திருச்சபையின் சரித்திரத்தில் இக்கேள்வியை ஊருக்கு ஊர் எதிர்கொண்டு, ஒவ்வோர் ஊரிலும் தம் ஜீவியத்தாலேயே அதற்கு விடை சொன்னவர் என்று நான் கருதுவது அர்ச். அவிலா தெரேசம்மாளையே.

ஸ்பெயின் தேசத்து அவிலா நகரில், 1562-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், அர்ச். சூசையப்பர் பெயரால் ஒரு சிறு மடம் திறக்கப்பட்டது. நான்கு பெண்கள் அன்று துறவாடை பெற்றார்கள். வீடு வாங்கியதுகூட வெளியே தெரியாதபடி தெரேசம்மாளின் தங்கையும் அவர் கணவரும் தங்கள் பெயரில் முடித்திருந்தார்கள். செய்தி பரவியதும் நகரம் கொந்தளித்தது. நகர சபையார் கூடி, மடத்தை உடனே கலைக்க வேண்டும் என்று ஆலோசித்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரைக்கும் சென்றது. அவர்களுடைய ஆக்ஷேபணை மதத் துவேஷத்தால் எழுந்ததன்று. அவர்களும் பக்தியுள்ள கத்தோலிக்கரே. பிறர் கொடுக்கும் தர்மத்தை எதிர்பார்த்து வாழும் வீடுகள் ஏற்கெனவே இருக்க, மானியமோ நிலவருமானமோ இல்லாமல் இன்னொன்றா என்பதே அவர்களுடைய கவலை.

தெரேசம்மாள் ஏன் மானியம் வேண்டாம் என்றார்? 1535-இல் அவர் புகுந்த, கார்மெல் சபையின் அவதார மடத்தில் கன்னியர் தொகை நூற்றைம்பதுக்கும் மேல் பெருகியிருந்தது; வருமானம் இருந்தும் எல்லோருக்கும் உணவு போதாமல், பலர் உறவினர் வீடுகளுக்குப் போய்த் தங்கி உண்ணும் நிலை. கன்னியர் கூட்டத்தின் பெருக்கத்திலும் பிரபுக்களின் தயவிலும் தவம் கரைந்துபோவதை அவர் இருபத்தேழு ஆண்டுகள் கண்ணாரக் கண்டவர். ஆகையால் புதிய வீட்டில் பதின்மூவர் போதும் என்று வரையறுத்தார். இயன்றவரை கதவு தட்டி யாசிக்கலாகாது, கையால் நூற்றுத் தைத்து வேலை செய்ய வேண்டும், வருவதை உண்ண வேண்டும், வராவிட்டால் பொறுக்க வேண்டும் என்று விதித்தார்.

நகர சபைக் கூட்டத்தில் அந்த மடத்துக்காக வாதாடியவர் தொமிங்கோ பாஞேஸ் என்னும் தொமினிக்கன் குருவானவர். மானியமின்றி வாழ்வது அவருக்கே சம்மதமில்லை. ஆயினும் அவசரப்பட்டுக் கலைப்பது நியாயமன்று, தீர்மானிக்க வேண்டியவர் மேற்றிராணியார் என்று அவர் எழுந்து பேசினார். தாம் ஒப்பாத ஒன்றுக்கும் நியாயம் கேட்ட அம்மனிதரை எண்ணும்போதெல்லாம் என் மனம் வணங்குகிறது. சச்சரவு நீண்டு, நிலையான வருமானம் ஏற்றுக்கொண்டால் விட்டுவிடுகிறோம் என்று சமரசம் பேசப்பட்டபோது தெரேசம்மாளும் சோர்ந்து ஒருகால் இணங்கத் துணிந்தார். இரவில் ஜெபத்தில் நின்றபின் மறுத்துவிட்டார். வழக்கு மெல்லத் தளர்ந்தது. எதிர்த்தவர்களிலேயே பலர் பின்னர் தர்மம் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, கார்மெல் சபைத் தலைவரின் அனுமதியோடு, இன்னொரு மடம் நிறுவத் தெரேசம்மாள் கன்னியர் சிலருடன் மெதினா தெல் காம்போ என்னும் வணிக நகருக்குப் புறப்பட்டார். 1567 ஆகஸ்டு 14-ஆம் நாள் நள்ளிரவு. மறுநாள் தேவமாதாவின் ஆரோபணத் திருநாள். விழாவுக்கு விடப்போகும் காளைகளை ஓட்டிக்கொண்டு வருகிற வேளையில், இந்தப் பெண்களும் குருமாரும் பூசைப் பாத்திரங்களைச் சுமந்துகொண்டு, பார்ப்பவர் சந்தேகிக்கும்படியான கோலத்தில் நகருக்குள் நுழைந்தார்கள். வாங்கிய வீடு பாழடைந்து கிடந்தது. மண்ணை வாரிக் கொட்டி, துணித்திரைகளைத் தொங்கவிட்டு, விடியுமுன் பீடம் அமைத்து, மணியடித்துப் பூசை நிறைவேற்றினார்கள். வெளிச்சம் வந்தபிறகே, சுவர்கள் சில இடங்களில் இடிந்து தெருவோடு தெருவாகக் கிடப்பது தெரிந்தது. தேவநற்கருணை வீதியிலேயே இருப்பதுபோல் ஆயிற்றே என்று தெரேசம்மாள் நடுங்கினார். காவலுக்கு ஆட்களை வைத்தும், அவர்கள் தூங்கிவிடுவார்களோ என்று அஞ்சி, தாமே இரவில் எழுந்து நிலவொளியில் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். சுமார் எட்டு நாளில் ஒரு வணிகர் தம் வீட்டு மேல்தளத்தைக் கொடுத்தார். அடைத்த கதவுக்குள் வாழ வந்தவர்கள், அடைக்கச் சுவரே இல்லாமல் ஊரின் கண்முன் சில நாள் கிடந்தார்கள். ஊர் அவர்களை முதலில் அறிந்தது அந்தக் கோலத்தில்தான்.

வறுமையை அவர் விக்கிரகமாக்கிக்கொள்ளவுமில்லை. 1568-இல் லூயிசா தெ லா செர்தா என்னும் பிரபுமாது மலாகோன் என்ற தம் சிற்றூரில் மடம் வேண்டினார். அவ்வளவு சிறிய ஊர் தர்மத்தால் ஒரு மடத்தைத் தாங்காது. மானியம் இன்றி அது நடவாது. தெரேசம்மாள் முதலில் மறுத்தார். திரிதெந்தீன் சங்கம் அனுமதித்ததை நீர் மறுப்பது சரியன்று என்று கற்றவர்கள் எடுத்துக்காட்டியபின் இணங்கினார். செல்வ நகரங்களில் மானியமின்றியும் ஏழைச் சிற்றூர்களில் மானியத்தோடும் மடம் வைப்பதை முரண்பாடு என்று சொல்பவர் சொல்லட்டும். ஊரின் தோள் எவ்வளவு சுமக்கும் என்று பார்த்துச் சுமையை ஏற்றுவதே துறவிக்கும் தர்மம் என்று நான் அதில் காண்கிறேன்.

1569-இல் தொலேதோவில் மடம் நிறுவியபோது அவர் கையிலிருந்தது மூன்று நான்கு தூக்காத்து நாணயங்கள். அதைக்கொண்டு பீடத்துக்கு இரண்டு படங்களும், இரண்டு வைக்கோல் மெத்தைகளும், ஒரு கம்பளியும் வாங்கினார். செல்வாக்குள்ளவர்கள் தேடியும் கிடைக்காத வீட்டை ஓர் ஏழை மாணவன் கண்டுபிடித்துக் கொடுத்தான். ஒரு மத்தி மீனைச் சுட விறகில்லாத நாளில், யாரோ கோயிலில் ஒரு சிறு விறகுக்கட்டை வைத்துவிட்டுப் போனார்கள். பிற்பாடு தானங்கள் வரத் தொடங்கியபோது, தங்கள் வறுமை கைவிட்டுப் போகிறதே என்று கன்னியர்கள் துயரப்பட்டார்களாம். அந்தத் துயரம் பொய்யன்று என்று நான் நம்புகிறேன். விறகுக்கட்டு வைத்த கை எதுவென்று தெரியாதிருந்த நாட்களில், அந்த நகரத்து மனிதர் ஒவ்வொருவரையும் அவர்கள் உபகாரியாக எண்ணி ஜெபித்திருப்பார்கள் அல்லவா?

பதினேழாவது மடத்தை பூர்கோஸ் நகரில் 1582 ஏப்ரலில் நிறுவிவிட்டு, அவ்வாண்டு அக்டோபர் 4-ஆம் நாள் ஆல்பா தெ தோர்மெஸ் என்னும் ஊரில் தெரேசம்மாள் உயிர் துறந்தார். அவிலாவில் நகர சபை கலைக்க முயன்ற அந்த வீட்டில் கார்மெல் சபைக் கன்னியர் இன்றும் வசித்துவருகிறார்கள்.