படிக்க இயலாத எழுத்து: ஓர் அறவியல் நோக்கு

எழுத்து ஒலியைச் சுட்டும் குறி. கண்ணுக்குப் புலனாகும் வடிவமும் ஆகும். ஓவியர் ஒருவர் பொருளை நீக்கி வடிவத்தை மட்டும் நிறுத்துவாராயின் அச்செயல் அறத்தொடு பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஜப்பானிய மை ஓவியர் தோகோ ஷினோதா (1913–2021) இளமையிலேயே வனப்பெழுத்துக் கலை பயின்றவர். மரபான சுமி மையையும் தூரிகையையும் கைவிடாமலே, படிக்கத்தக்க எழுத்தினின்று விலகி அருவக் கோடுகளை வரைந்தார். தென்னகத்தில் அவரோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கவர் கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977). சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய இவர், 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றவர். 1963இல் தொடங்கிய இவருடைய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையில் மலையாள எழுத்துச் சாயல் கொண்ட வரிகளும் சாதகக் கட்டங்களும் கணக்குக் குறிகளும் இடம்பெறுகின்றன. எனினும் அவ்வரிகள் பெரும்பாலும் படித்துப் பொருள்கொள்ளற்கு உரியன அல்ல.

இத்தகைய ஓவியத்தைக் காண்போர் நிலையை இருமொழிச் சூழலில் வைத்து எண்ணலாம். இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியார், தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் தேயிலைத் தோட்டப் பகுதி. அங்கு மலையாளம் கற்றவர் இவ்வரிகளைப் படிக்க முயன்று தோற்பார். தமிழ் மட்டும் கற்றவர், தாம் அறியாத மொழி எனக் கருதுவார். எழுத்தறியாத தொழிலாளிக்கோ ஏனைய எழுத்துகளைப் போன்றதே இதுவும். ஆக, ஓவியம் மூவரையும் ஒரே நிலையில் நிறுத்துகிறது. கல்லாதார் நாள்தோறும் உணர்வதைக் கற்றாரும் சிறிது பொழுது உணர்கின்றனர்.

கல்வி மறுக்கப்பட்டோர் அரிதின் முயன்று பெற்ற எழுத்தைப் பொருளற்றதாக்குவது முறையோ என்னும் தடை இங்கு எழும். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. கூலிச்சீட்டைப் படிக்க இயலாதவர் தமக்குரிய தொகையை அறியார். படிவத்தைப் படிக்க இயலாதவர் எதற்கு உடன்படுகிறோம் என்றறியாமலே கைநாட்டு வைப்பார். ஆயின் ஓவியம் எவரிடமும் கைநாட்டுக் கேட்பதில்லை. அதன் பொருள் விளங்காமையால் எவரும் தமக்குரியதை இழப்பதுமில்லை. எனவே, பொருளை நீக்குதல் தன்னளவில் குற்றமன்று. பிறர்க்கு உரியதை மறைக்குமிடத்தே அது குற்றமாகிறது.

ஓவியர்க்கு இவ்வாறு உரிமை அமைவதால் காண்போர்க்கு ஒரு கடமையும் உண்டாகிறது. ஓவியத்தின்முன் தாம் உற்ற திகைப்பை வெறும் சுவையாகக் கொண்டு மறத்தல் தகாது. அறியா மொழியிலமைந்த படிவத்தை ஒருவர்முன் நீட்டுகையில் அத்திகைப்பை நினைந்து, அவர் மொழியில் எடுத்துரைத்தலே அக்கடமையாகும்.