காற்று வைத்த கெடு

ராஜபாளையத்திலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ பார்த்தால் மலை தெரியும், கடல் தெரியாது. ஆனாலும் எங்கள் கண்மாய்களை நிரப்புவது கடல்மேல் வரும் வடகிழக்குப் பருவக்காற்றுதான். மழை கேட்ட ஆண்டாளும் திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் கடலைத்தான் நினைத்தாள். ஐப்பசி மழை தவறினால் இங்கே சம்சாரிக்கு அந்த வருஷமே போயிற்று. அதே காற்றுதான் 1746-இல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் தளபதியின் வாழ்வை முறித்தது.

அவர் பெயர் லா பூர்தொனே. 1699-இல் சேன் மாலோவில் பிறந்து, சிறுவனாகவே கப்பலேறியவர். 1725-இல் மலபார்க் கரையின் மாஹேயைப் பிடித்த போரில் பெயர் எடுத்தார். 1735-இல் மொரீஷியஸ் ஆளுநராகிப் போர்ட் லூயியைத் துறைமுகமாக வளர்த்தார். அங்கே திரட்டிய கப்பல்களோடு வந்து, 1746 ஜூலையில் நாகப்பட்டினம் அருகே ஆங்கிலேயரோடு மோதினார். செப்டம்பர் 21-இல் சென்னைக் கோட்டையைப் பணியவைத்தார்.

பிடித்த பிறகுதான் வினை வந்தது. 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் அவர். கொடுக்கவே கூடாது என்றார் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்து வைத்த சண்டை அது. கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும் என்பது ஒருவர் நியாயம். கையில் வந்த கோட்டையை விடக்கூடாது என்பது மற்றவர் நியாயம். நியாயம் இருவரிடமும் இருந்தது, நாள்தான் இல்லை. அன்றைய சென்னையில் கப்பல் ஒதுங்க இடமே கிடையாது. திறந்த கடலில்தான் நங்கூரம். பருவக்காற்று திரும்புமுன் கரையைவிட்டு விலகிவிட வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் கடலில் கழித்த மனிதருக்கு இது தெரியாததல்ல. கடிதங்கள் போய்வந்துகொண்டிருக்க, அக்டோபர் 13 இரவு புயல் அடித்தது. கப்பல்கள் பல மூழ்கின, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

அந்த மாலுமிகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. வழக்கில் அவர்களுக்குப் பங்கில்லை. மடையைப் பழுதுபார்ப்பது யார் பொறுப்பு என்று பெரியவர்கள் வாதாடி முடிப்பதற்குள் கண்மாய் உடைந்தால், முதலில் போவது கடைமடைக்காரனின் பயிர்தான். தன் பக்கம் நியாயம் இருப்பதாலேயே மனிதன் காலத்தை மறந்துவிடுகிறான். தவறு செய்கிறவனுக்காவது உள்ளூர ஒரு பயம் இருக்கும். தான் சரி என்று நம்புகிறவனுக்கு அந்தப் பயமும் இல்லை.

1749-இல் சென்னை, இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, ஆங்கிலேயரிடமே திரும்பியது. இந்தச் சண்டையால் குற்றம் சாட்டப்பட்ட லா பூர்தொனே பாஸ்தீய் சிறையில் கிடந்து, 1751-இல் குற்றமற்றவர் என்று விடுதலையாகி, 1753-இல் இறந்தார். அடுத்த வருஷம் திருப்பி அழைக்கப்பட்ட துய்ப்ளே, 1763-இல் பாரீஸில் வறுமையில் இறந்தார்.