தலபுராணமும் உண்டியல் பங்கும்

அம்மன் சிலை கண்ணீர் விடுகிறது என்று யாராவது சொன்னால், "நீ பார்த்தாயா?" என்று உடனே கேட்கிறவன் நான். அதே நான் மின்நூல் படிக்கும் கிண்டில் கருவியை வாங்கியபோது, யாரோ எழுதிய விமர்சனத்தில் "பேட்டரி பத்து வாரம் நிற்கும்" என்று படித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு காசைக் கட்டினேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தது பிறகுதான். 2021-இல் வந்த கிண்டில் பேப்பர்வைட்டுக்கு அமேசான் சொன்ன 10 வாரத்துக்கு ஓர் அடிக்குறிப்பு உண்டு: நாளொன்றுக்கு அரை மணி நேரம்தான் படிக்க வேண்டும், வைஃபை அணைந்திருக்க வேண்டும், விளக்கு 13-ஆம் படியில் இருக்க வேண்டும். 70 நாள், நாளுக்கு அரை மணி. ஆக 35 மணி நேரம். ராத்திரி மூன்று மணி நேரம் படிக்கிறவனுக்கு இரண்டு வாரம்கூட வராது. கம்பெனி இதை ஒளிக்கவில்லை, பொடி எழுத்திலாவது போட்டிருக்கிறது. பெரிய எழுத்தை மட்டும் படியெடுத்தவர் விமர்சகர். கருவி கைக்கு வந்த ஒரு வாரத்தில் விமர்சனம் எழுதிவிட்டவர், மீதி ஒன்பது வாரத்தை எங்கே பார்த்தார்? பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னால் கோர்ட்டில் அதற்குப் பெயர் பொய்ச்சாட்சி.

2012-இல் முதல் பேப்பர்வைட் வந்தபோது, திரையின் அடியில் வெளிச்சம் முழுச் சீராக இருக்காது என்று அமேசானே அறிவித்தது. விற்கிறவரே குறையைச் சொல்லும்போது, வாங்குகிறவருக்காக எழுதுவதாகச் சொல்பவருக்கு என்ன கூச்சம்? பல விமர்சனங்களின் அடியில் இருக்கும் இணைப்பைத் தட்டி நீங்கள் வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் போகிறது. தலபுராணம் பாடியவருக்கு உண்டியலில் பங்கு!

சரி, தமிழுக்கு வருவோம். அமேசான் தமிழ் மின்நூல்களை விற்கத் தொடங்கியது 2016 டிசம்பரில். அவை கருவியில் சரியாகத் தெரிகின்றனவா என்று யார் பார்ப்பது? கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான ஒருங்குறியில் 'பெ' என்பதில் பகரம் முதலில் நிற்கும், கொம்பு பின்னால் நிற்கும். கொம்பை முன்னால் இழுத்து வந்து காட்டுவது கருவியின் வேலை. அந்த வேலை தெரியாத கருவியில் 'பெரியார்' என்று அடித்துப் பாருங்கள், முதலெழுத்தே உடைந்து கிடக்கும். இதைச் சோதிக்க அரை நிமிடம் போதும். 'வீட்டிலிருந்து' என்ற சொல்லில் விரல் வைத்தால் அகராதி 'வீடு' வரைக்கும் போகிறதா என்று பார்க்க இன்னொரு அரை நிமிடம். தமிழில் வரும் விமர்சனங்கள்கூட பெட்டியைப் பிரித்துக் காட்டவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கின்றன. இந்த ஒரு நிமிடத்துக்கு நேரமில்லை.

எல்லாவற்றையும்விட அடிப்படை, வாங்கிய புத்தகம் நம்மிடம் இருக்குமா என்பது. 2009 ஜூலையில், விற்பனைக்கு ஏற்றிய பதிப்பாளருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'-ஐ வாசகர்களின் கிண்டிலுக்குள் புகுந்து அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் நிறுத்திவிட்டது. திரைக்கு நாலரை, எடைக்கு நாலு என்று நட்சத்திரம் போடுகிறார்களே, இதற்கு நட்சத்திரம் போட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்த விமர்சனத்தைப் படித்து முடித்ததும் எழுதியவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை நாள் வைத்திருந்தீர்கள்? கருவிக்குக் காசு கொடுத்தது யார்?