எந்தக் கூட்டம் நமக்குச் சரிப்படும்?

குடியை விட்டுவிடுவது என்று முடிவெடுத்த மறுநாளே ஒரு கேள்வி வரும்: எந்தக் கூட்டத்துக்குப் போவது? சென்னையில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன, ஆங்கிலத்திலும் நடக்கின்றன. பெரும்பாலும் ஏதாவது சர்ச் வளாகத்து அறை, இல்லாவிட்டால் பள்ளிக்கூட வகுப்பறை. சில கூட்டங்கள் குடிநோயாளிகளுக்கு மட்டும். சிலவற்றில் மனைவி, அண்ணன், என்னைப் போலத் துணைக்குப் போகிறவன் எல்லாரும் உட்காரலாம். கட்டணம் கிடையாது. செலவுக்கு ஒரு பை சுற்றி வரும். அதிலும் வெளியார் காசு வேண்டாம் என்பார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் சேர்வதற்குத் தகுதி.

வாசல் இவ்வளவு அகலமாக இருந்தும் நுழைவதற்குள் ஆயிரம் யோசனை. அந்த ஏரியாவில் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்? (டாஸ்மாக் வாசலில் ஊரே பார்க்க நிற்கும்போது வராத கூச்சம், இந்தப் படியில் கால் வைக்கும்போது வந்துவிடுகிறது.) ஆங்கிலக் கூட்டத்தில் ஒட்டவில்லை, தமிழ்க் கூட்டத்தில் ஆபீஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தால்? அங்கே வருவதெல்லாம் முற்றிய கேஸ், நமக்கு அந்த அளவுக்கு இல்லையே?

இப்படி வரும் தயக்கம் எல்லாமே சாக்கு அல்ல. ஆண்களே நிரம்பிய அறையில் ஒரு பெண் வாய் திறந்து பேசுவது லேசான காரியமில்லை. அவர் பெண்களுக்கான கூட்டத்தைத் தேடுவது நியாயம். கடவுள் என்ற சொல் வந்ததும் எழுந்துவிடத் தோன்றும் பகுத்தறிவாளருக்கு, 1994-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி போல, சாமியை இழுக்காத வழிகளும் உண்டு. வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம்; அவர் முதலில் பார்க்க வேண்டியது டாக்டரை. ஆனால் ‘நமக்கு அந்த அளவுக்கு இல்லை’ என்கிற ஒன்றை மட்டும் என்னால் நம்ப முடிவதில்லை. குடித்த காலமெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே வசனம்தானே அது?

கூட்டத்தில் கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பது வழக்கம். யார் என்ன பேசினார்கள் என்று எழுத மாட்டேன். கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்லலாம். டீ கொடுத்துக்கொண்டிருந்தவர் எல்லாருக்கும் கப்பை நிரப்பித் தந்தார். கதவோரம், எந்த நேரமும் எழுந்து போகத் தோதாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த புதியவருக்கு மட்டும் பாதிக் கப். அவர் கை நீட்டியதும் காரணம் தெரிந்தது. விரல்கள் அப்படி உதறின. முழுக் கப்பாக இருந்திருந்தால் சட்டையில் கொட்டியிருக்கும், அத்தனை பேரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். ஒரு காலத்தில் தன் சட்டையில் கொட்டிக்கொண்டவருக்குத்தான் இது தோன்றும்.

இது புதியவருக்குச் செய்த உதவி என்றுதான் யாரும் சொல்வார்கள். இந்த இயக்கம் பிறந்த கதையைப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

1935 மே மாதம். பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் ஒரு வியாபார முயற்சியில் தோற்று, ஓட்டல் வரவேற்புக் கூடத்தில் நிற்கிறார். குடியை நிறுத்தி ஐந்து மாதம். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம்; இன்னொரு பக்கம் உள்ளூர் தேவாலயங்களின் பட்டியலும் தொலைபேசியும். அவர் தொலைபேசியை எடுத்தார். ‘என்னைக் காப்பாற்ற யாராவது வாருங்கள்’ என்று அவர் கேட்கவில்லை. பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்றுதான் தேடினார். அதற்கு முந்தைய மாதங்களில் நியூயார்க்கில் எத்தனையோ குடிகாரர்களைத் திருத்தப் பார்த்திருந்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை, ஆனால் அந்த மாதங்களில் அவர் குடிக்கவில்லை. அந்தத் தேடலில் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை மருத்துவர். கால் மணி நேரம்தான் என்று நிபந்தனை போட்டு வந்த டாக்டர், இரவு வெகுநேரம் வரை எழுந்திருக்கவில்லை. புத்திமதி கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவர் முன்னால் முதல்முறையாக ஒருவர் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆக, கதவோரம் கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பவர் சும்மா வாங்கிக்கொள்ள வந்தவர் அல்ல. பத்து வருடமாகக் குடிக்காதவருக்குத் தன் முதல் நாள் மங்கிக்கொண்டே வரும். உதறுகிற அந்த விரல்கள் அதைத் திரும்ப எதிரே கொண்டுவந்து வைக்கின்றன. தன்னால் யாருக்கும் பயனில்லை என்று வந்தவர், வாய் திறப்பதற்கு முன்பே அந்த அறைக்கு மருந்தாகிவிடுகிறார். இதற்குப் படிப்போ சாதியோ சம்பளமோ பொருந்த வேண்டியதில்லை. ஆபீஸ் டிரைவரே பக்கத்தில் இருந்தால் என்ன?

அப்படியானால் எந்தக் கூட்டம்? ஒரே ஒரு கூட்டத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், ஐந்தாறு இடம் போய்ப் பாருங்கள் என்கிறார்கள் பழையவர்கள். போகிற இடத்தில் நம்மைப் போல் யார் இருக்கிறார்கள் என்று எண்ணுவதைவிட, நாற்காலி அடுக்க நம்மையும் கூப்பிடுகிறார்களா என்று கவனிக்கலாம்.

டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் மாதம். அதற்குப் பிறகு அந்த இருவரும் செய்த வேலை, ஆக்ரன் நகர மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, குடிநோயாளி யாராவது படுக்கையில் இருக்கிறாரா என்று நர்ஸிடம் விசாரித்தது. இருந்தார். இருவரும் அவரைப் பார்க்கப் போனார்கள்.