துடைச்சுடலாமா, சார்?

மயிலாப்பூரில் என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு மாதமாக உடம்பு சரியில்லை. புது இயங்குதளத்துக்கு மாறு மாறு என்று தினம் நச்சரித்தது. சரி, ஒழியட்டும் என்று ஒருநாள் பட்டனை அமுக்கிவிட்டேன். அன்றிலிருந்து பிரின்ட்டரை அதற்கு அடையாளம் தெரியவில்லை. அது விழித்தெழுவதற்குள் என் காபி ஆறிவிடுகிறது.

தி.நகரிலிருந்து வந்த பையன் ரெண்டே நிமிஷம் பார்த்தான். "பழசு மேலயே புதுசைப் போட்டிருக்கீங்க சார். சுரண்டாம வெள்ளையடிச்சா உரிஞ்சுதான் வரும். மொத்தமா துடைச்சுட்டு, கிளீன் இன்ஸ்டால் பண்ணிடலாம்."

அவன் சொன்னது சரி. மேலே மேலே போடும்போது பழைய டிரைவர்கள், என்றோ நீக்கிய புரோகிராம்களின் மிச்சம் மீதிகள் எல்லாம் கூடவே வருகின்றன. புதுசோடு ஒத்துப்போகாதவை மல்லுக்கு நிற்கின்றன. துடைத்துவிட்டால் சண்டை இல்லை. ஆனால் எது வேண்டும், எது வேண்டாம் என்று நீங்கள் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். அப்கிரேடில் அந்தச் சங்கடம் கிடையாது. உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை எட்டிப் பாருங்கள், புரியும்.

"என்ன சார் வேணும்?"

"டாக்குமென்ட்ஸ் மட்டும் போதும்ப்பா."

வேலை முடிந்ததும் அப்பாவின் ஃபோல்டரைத் திறந்தேன். 2001-லிருந்து கடைசிவரை அவர் தமிழில் அடித்து வைத்த குறிப்புகள். ஐரோப்பிய எழுத்துக்களுக்குக் கொம்பும் மீசையும் முளைத்த மாதிரி பக்கம் பக்கமாக என்னவோ இருந்தது.

அப்பா பழைய ஃபான்ட்காரர். அந்த ஃபான்ட்களில் அடித்தது தமிழ் என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஏதோ ஒரு ஐரோப்பிய எழுத்தின் நம்பரை வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் 'அ' படத்தைக் காட்டும். தமிழக அரசு 1999-ல் டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளைத் தரப்படுத்தி, 2010-ல் யூனிகோடுக்கு மாறியது. அப்பா மாறவில்லை. ஃபான்ட் இருந்ததோ துடைத்த பகுதியில். பூட்டைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டுச் சாவியைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே.சா. தேடிப் போனதை 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்யவேண்டும் என்று ஆகமம் சொல்கிறது, அப்படியே செய்துவிட்டோம் என்றார்களாம். அயோக்கியத்தனம் இல்லை, கவனியுங்கள். நெய் செலவழித்து, விதிப்படி, பக்தியோடு செய்திருக்கிறார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

துடைப்பதே பாவம் என்று சொல்லவரவில்லை. ஓலை செல்லரித்துப் போகும். யாரோ ஒருவர் புது ஓலையில் திரும்ப எழுதியதால்தான் சங்க நூல்கள் நம் கைக்கு வந்தன. எழுதாமல் விட்டவை போயின. 'இது வேண்டாம்' என்றவர் படித்துப் பார்த்துச் சொன்னாரா, படிக்காமலே சொன்னாரா? என்னைக் கேட்டால் கேள்வி அவ்வளவுதான். நான் படிக்காமல் சொன்ன கட்சி.

நல்லவேளை, பழைய ஃபான்ட்டை யூனிகோடாக்கும் மென்பொருள் கிடைக்கிறது. பையன் ஒரு ஃபைலை மாற்றிக் காட்டினான். பால் கணக்கு. அடுத்தது கரண்ட் மீட்டர் ரீடிங்.

"இதையெல்லாம் டெலீட் பண்ணிடலாமா, சார்?"

"இன்னும் நூத்தி நாப்பது இருக்கு தம்பி. படிச்சுட்டுச் சொல்றேன்."