தனித்துப் பூத்தால் போதாது

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில், சித்திரை வெயிலில், வெடித்த கரிசலும் சீமைக்கருவேலும் தவிரக் கண்ணுக்கு வேறொன்றும் தட்டுப்படாது. இந்த மண்ணில் நின்று குறிஞ்சிப் பூவைப் பற்றிப் பேசுவது பொருந்தாத பேச்சாகத் தோன்றலாம். ஆனால் ‘குறிஞ்சி மலர்’ நாவலை எழுதி அந்தப் பெயரை வீடுதோறும் கொண்டுசேர்த்த நா. பார்த்தசாரதி, இதே விருதுநகர் மாவட்டத்து நதிக்குடியில் பிறந்தவர். அதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பூவை நேரில் கண்டிருப்பார்கள்? காணாத பூவை இலட்சியமாக வைத்துக்கொள்வது வறண்ட நிலத்து மனத்துக்கு இயல்புதான் போலும்.

பழனி மலையிலும் நீலகிரியிலும் மூணாற்றுப் புல்வெளிகளிலும் வளரும் குறிஞ்சி, பூக்காத காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்கும் செடியன்று. நரம்பு புடைத்த இலைகளோடு, பல்வெட்டிய விளிம்போடு, புல்லுக்கு நடுவே ஒரு புதர், அவ்வளவே. பன்னிரண்டாம் ஆண்டில் மணி வடிவப் பூக்கள் கதிர்கதிராய் வெளிவருகின்றன. வெளிறிய நிறத்தில் தொடங்கி, நாளாக ஆக நீலம் தோய்ந்த ஊதாவாகின்றன. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030. விதை முற்றியதும் செடி காய்ந்து மடிந்துவிடும். வாழ்நாளில் ஒரே ஒரு பூப்பு. மலையில் வாழும் பளியரும் முதுவரும் இந்தப் பூப்பைக் கொண்டே வயதைக் கணக்கிட்டு வந்தார்கள்.

இதைப் பொறுமையின் சின்னம் என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். மேடைக்கு அது போதும். சிந்தனைக்குப் போதாது. பொறுமை மட்டுமே குறிஞ்சியின் சிறப்பு என்றால், ஒவ்வொரு செடியும் தன் கணக்கில் பன்னிரண்டு ஆண்டு பொறுத்து, தனக்குத் தோன்றிய ஆண்டில் பூத்திருக்கலாமே! அப்படி நடப்பதில்லை. ஒரு மலையின் செடிகளெல்லாம் ஒரே பருவத்தில் பூக்கின்றன. இதற்கு அறிவியலார் தரும் விளக்கங்களுள் ஒன்று எளிமையானது: விதை தின்னும் உயிர்கள் வயிறு நிறையத் தின்ற பிறகும் மண்ணுக்கு மிச்சம் இருக்க வேண்டுமானால், மலையே ஒருசேரக் காய்த்தாக வேண்டும்.

நம் மானாவாரிக்காரருக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஊர் விதைக்காத நேரத்தில் ஒருவர் மட்டும் கம்பு விதைத்தால், கதிர் பால்பிடிக்கும் நாளில் சுற்றுவட்டக் குருவியெல்லாம் அவர் புஞ்சையில்தான் இறங்கும். விடியலில் தகரத்தைத் தட்டிக்கொண்டு வரப்பில் ஓடுகிற மனிதரின் உழைப்பில் குறையில்லை, விதையிலும் குறையில்லை. துணையில்லை என்பதுதான் குறை. கண்மாயும் அப்படியே. வரத்துக்காலில் தன் நிலத்தை ஒட்டிய பத்தடியை மட்டும் ஒருவர் தூர்வாரினால், மேலே அடைத்துக் கிடக்கிற நீர் அவருக்காக இறங்கி வராது.

தனித்த தவத்துக்கும் இந்த மண்ணிலேயே சான்று உண்டு. 1879-இல் திருச்சுழியில் பிறந்த சிறுவன் ஒருவன் 1896-இல் திருவண்ணாமலை சேர்ந்து, 1950-இல் மறையும் வரை அந்த மலையடியை விட்டு நீங்கவில்லை. ரமணரின் மௌனத்துக்கு ஊர் துணை தேவைப்படவில்லை. உண்மைதான். ஆனால் நாம் ரமணர்கள் அல்லோம். நம்மைப் போன்றவர்களைக் கொண்டே உலகம் நடக்க வேண்டியிருக்கிறது.

குறிஞ்சி வளரும் மலைப் புல்வெளிகளைத் தேயிலையும், அந்நிய மரங்களான சீகையும் யூகலிப்டசும் பெருமளவு பிடித்துக்கொண்டன. விறகுக்கென வந்து நம் புஞ்சைகளைப் பிடித்த சீமைக்கருவேலின் கதையேதான். கேரள அரசு 2006-இல் வட்டவடைப் பக்கம் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது இந்த இழப்பை உணர்ந்தே. துண்டுபட்டுப்போன சரிவுகளில் எஞ்சிய செடிகளும் தவறாமல் உரிய ஆண்டில் பூக்கும்; ஆனால் தின்பாரை மிஞ்சும் அளவுக்குக் கூட்டம் இருக்குமா என்பதே கேள்வி. நேர்மை, வாக்குத் தவறாமை, பொதுச்சொத்தைத் தொடாத கை என்று நாம் தனிமனிதக் குணங்களாகப் போற்றிப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் ஒவ்வொன்றும், ஓர் ஊரில் ஒருவரிடமோ இருவரிடமோ மட்டும் இருக்கும்வரை அவர்களைத் தின்னக் கொடுத்துவிட்டு நாம் கைகட்டி வியந்து நிற்பதற்கே பயன்படுகிறது என்பதையும், அதே குணம் பலரிடம் ஒரே காலத்தில் விளையும்போதுதான் அது விதையாக மண்ணில் தங்கி அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்கிறது என்பதையும், யாரும் பார்க்காத ஒரு சரிவில் நிற்கும் இந்தச் செடி நம்மைவிடத் தெளிவாக வாழ்ந்து காட்டுகிறது. அரிய மனிதர் என்று ஒருவரைப் பாராட்டும்போது, அவர் அரியவராக இருப்பதில் நம் பங்கு என்ன என்றும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2030-இல் குறிஞ்சி பார்க்க மலையேறப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாரப் பாருங்கள், ஒரு கொத்தையும் ஒடிக்காதீர்கள். அது விதை முற்ற வேண்டிய கதிர். அந்தச் செடிக்கு 2042 என்று ஓர் ஆண்டு கிடையாது.