சந்தைக் கணக்கும் வகுப்பறைத் திரையும்

கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைகளில் வியாபாரம் செய்யும் 1,436 பிள்ளைகளை ஆராய்ந்து, பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட ஒரு குழு 2025இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வெளியிட்டது. கிலோ விலை தெரிந்தால் எண்ணூறு கிராம் எவ்வளவு, நீட்டிய நோட்டுக்கு மீதி எவ்வளவு என்பதுபோன்ற கணக்குகளை அநேகமாக அந்தப் பிள்ளைகள் எல்லாருமே மனத்திலேயே போட்டுச் சரியாகச் சொன்னார்கள். அதே அளவு கடினமான, ஏன், அதைவிட எளிய கணக்கைக்கூடப் பள்ளிப் பாணியில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது திணறிப்போனார்கள். பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும், வியாபார அனுபவம் இல்லாத 471 பிள்ளைகளின் நிலை இதற்கு நேர்மாறு. எளிய எண் கணக்குகளில் அவர்கள் மேல். ஆனால் சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் சரியாகச் செய்த ஒரு வியாபாரக் கணக்கை, பள்ளிப் பிள்ளைகளில் 1 விழுக்காட்டினரே செய்ய முடிந்தது. வகுப்பறையில் ஆசிரியர் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற கேள்வியை இந்த ஆய்விலிருந்து தொடங்குவதுதான் முறை என்று நினைக்கிறேன். பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதைக் கண்டுபிடிக்காமலேயே பாடம் நடத்துவதுதான் நம் வகுப்பறைகளின் மூல நோய். அதைத் தீர்க்க உதவாத திரை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதே பிழையை இன்னும் வேகமாகச் செய்யும்.

கொல்கத்தாவில் வளர்ந்த பானர்ஜியின் பழைய ஆய்வு ஒன்றும் இங்கே கைகொடுக்கிறது. குஜராத் அரசு வதோதரா மாநகராட்சிப் பள்ளிகளுக்குத் தலா நான்கு கணினிகள் கொடுத்திருந்தது. பல பள்ளிகளில் அவை சும்மா கிடந்தன. நான்காம் வகுப்புப் பிள்ளைகளை இருவர் இருவராக உட்காரவைத்து, வாரம் இரண்டு மணி நேரம், அவரவர் நிலைக்கு ஏற்பக் கடினமாகிக்கொண்டே போகும் கணக்கு விளையாட்டுகளைக் கொடுத்தபோது மதிப்பெண் நன்றாக உயர்ந்தது. 2007இல் வெளியான அந்த ஆய்வை மேற்கோள் காட்டுவோர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தால் அந்த உயர்வின் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. பின்தங்கிய பிள்ளைகளுக்கு அடிப்படையைச் சொல்லித்தர அதே ஊர்ப் பெண்களை ‘பால்சகி’ என்ற பெயரில் அமர்த்திய இன்னொரு முயற்சி, குறைந்த உயர்வைத் தந்தாலும் செலவழித்த ரூபாய்க்குக் கணினியைவிட அதிகப் பலன் தந்தது. அகமதாபாத்தின் ‘ஞான் ஷாலா’ பள்ளிகளில் லீ லிண்டன் செய்த ஆய்வு இன்னும் தெளிவானது. பாட நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு கணினி வந்தபோது பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகக் கற்றார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாக வந்தபோது அதிகம் கற்றார்கள். தில்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருள் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் காட்டியதும் பள்ளி முடிந்தபின் நடந்த மையங்களில்தான். ஆக, கருவி எதன் இடத்தைப் பிடிக்கிறது என்பதே பலனை முடிவுசெய்கிறது.

இந்த அளவுகோலை வைத்து மேற்கு வங்கத்தைப் பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் தொடங்கிய ‘தருணேர் ஸ்வப்ன’ திட்டம், டேப்லெட் அல்லது ஸ்மார்ட்போன் வாங்கப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு 10,000 ரூபாய் கொடுத்தது. பின்னர் பதினொன்றாம் வகுப்புக்கும் அது வந்தது. நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வகுத்தலில் தடுமாறும் பிள்ளையின் சிக்கல் நான்காம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. பணமோ பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில், ஆசிரியர் கண்ணில் படாத ஒரு கருவிக்குப் போகிறது. அதே பெருந்தொற்றில் தொடக்கப் பள்ளிகள் ஏறக்குறைய இரண்டாண்டு மூடிக் கிடந்தன. இடையே 2020 மே 20 அன்று வீசிய ஆம்பன் புயலில் கொல்கத்தாவின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமும் இணையமும் இன்றித் தவித்தன. 2022 பிப்ரவரியில் சிறு பிள்ளைகளை மீண்டும் படிப்புக்கு அழைத்து வர அரசே நம்பியது ‘பாராய் ஷிக்ஷாலய்’ என்ற திட்டத்தை. தெருப்பக்கத்துத் திறந்த வெளியில் ஓர் ஆசிரியரும் அவரைச் சுற்றிப் பிள்ளைகளும் என்பதே அதன் வடிவம்.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை நியாயமானவையும்கூட. பணக்காரப் பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டு இருக்கும்போது ஏழைப் பிள்ளைக்கு மட்டும் கரும்பலகையா என்று கேட்கிறார்கள். ஏழைப் பிள்ளைக்குக் கணினி கட்டாயம் வேண்டும். வாரம் சில மணி நேரம், தன் நிலையில் பயிற்சி செய்ய அது வேண்டும். பாடநூலை அதே வேகத்தில் படம்போட்டுக் காட்டும் பலகையால் சமத்துவம் வந்துவிடாது. ஆசிரியரே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பது இன்னும் கனமான கேள்வி. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இம்மாநிலத்தில் சுமார் 26,000 ஆசிரியர், ஊழியர் நியமனங்கள் ரத்தாயின. கிராமப்புறப் பிள்ளைகளில் 70 விழுக்காட்டுக்கு மேல் காசு கொடுத்து டியூஷன் போவதாக 2022இன் ‘அசர்’ என்னும் கல்வி நிலை அறிக்கை சொன்ன மாநிலமும் இதுதான். எதுவுமே நடக்காத வகுப்பில் திரை நிச்சயம் மேல். அகமதாபாத் ஆய்வின் தர்க்கமும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் காலிப் பணியிடத்தைத் திரை நிரப்பிவிட்டதாக அரசு கணக்கு எழுதக் கூடாது.

செயற்கை நுண்ணறிவு ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் தானே கண்டுபிடித்துவிடும் என்பது இன்றைய வாதம். ஓரளவு உண்மைதான். எனினும் பள்ளிப் பாணியில் மட்டுமே கேள்வி கேட்கும் ஒரு மென்பொருளிடம் அந்தச் சந்தைப் பிள்ளையை உட்காரவைத்தால் என்ன ஆகும்? கணக்கில் மிகப் பின்தங்கியவன் என்று பதிவுசெய்து, கீழ்வகுப்புப் பாடத்துக்கு அனுப்பிவிடும். அவனிடம் ‘நேற்று கடையில் வெங்காயத்தை எப்படிக் கணக்குப் போட்டாய்?’ என்று கேட்டு, அவன் வாயால் சொன்ன வழியைக் கரும்பலகையில் எண்களாக எழுதிக் காட்ட ஆசிரியரால் முடியும். ஐம்பது பேர் வகுப்பில் அதற்கு நேரம் ஏது என்றால், அந்த நேரத்தை மீட்டுத் தரத்தான் கணினி வேண்டும். திருத்துவதையும் திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுப்பதையும் அதனிடம் விட்டுவிட்டு, பிள்ளை பேசுவதைக் கேட்க ஆசிரியர் உட்காரலாம்.

பள்ளிக்குக் கருவி வாங்கும் பொறுப்பில் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரிய வகுப்புகளுக்கு முன் தொடக்க வகுப்புகளைக் கவனியுங்கள். எந்த மணி நேரத்தில், எந்தப் பிள்ளைகளுக்கு அது பயன்படும் என்று வகுப்பு ஆசிரியர் எழுதித் தந்த பிறகே வாங்குங்கள்.